ஏழு விழுக்காடு குறைந்த கணக்கு: ஆர்ஜிரோடைட் என்னும் அரிய கனிமம்

வெள்ளிக் கொலுசு கறுத்துப்போவதைப் பார்க்காத தமிழ் வீடு இருக்காது. காற்றில் நுண்ணளவில் கலந்திருக்கும் கந்தக வளிமங்கள் வெள்ளியோடு கூடி, வெள்ளி சல்ஃபைடு என்ற கரிய படலமாக மேலே படிகின்றன. புளியோ திருநீறோ வைத்துத் தேய்க்கிறோம், பளபளப்பு திரும்புகிறது. வீட்டில் நாம் அழுக்கென்று தேய்த்துப் போக்குவதைத்தான் மண்ணுக்கு அடியில் சுரங்கத் தொழிலாளர்கள் தாது என்று தேடிப் போனார்கள். வெள்ளிக்கும் கந்தகத்துக்கும் இடையே உள்ள இந்த ஈர்ப்பினால், இயற்கையில் கிடைக்கும் வெள்ளிக் கனிமங்களில் பெரும்பாலானவை சல்ஃபைடுகளாகவோ அவற்றுக்கு நெருங்கிய உறவாகவோ இருக்கின்றன. அந்தப் பெரிய குடும்பத்தில் மிக அரிதான ஒன்று ஆர்ஜிரோடைட்.

இன்று நாம் அறிந்தபடி அதன் கட்டமைப்பு எட்டு வெள்ளி அணுக்கள், ஒரு ஜெர்மேனியம் அணு, ஆறு கந்தக அணுக்கள். எடைக் கணக்கில் வெள்ளி 76.5 விழுக்காடு, கந்தகம் 17.1, ஜெர்மேனியம் 6.4. வெள்ளி இவ்வளவு செறிந்திருப்பதால்தான் 'வெள்ளி மிகுந்தது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வைத்தார்கள். ஆனால் இந்தக் கனிமத்தின் வரலாறு முழுவதையும் நடத்திச் சென்றது வெள்ளி அல்ல, அந்த 6.4 விழுக்காடுதான். இதில் என்ன இருக்கிறது, இது என்ன வடிவப் படிகம், இதை எந்த வகையில் சேர்ப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் முதலில் சொல்லப்பட்ட விடைகள் நிலைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் கணக்கு எங்கோ உதைத்தது. உதைத்த இடத்தை மூடி மறைக்காமல் திரும்பிப் பார்த்தவர்களால்தான் இன்று அதன் இடம் நமக்குத் தெளிவாகத் தெரிகிறது.

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் இருக்கும் ஃப்ரைபெர்க் நகரத்தில் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது 1168 வாக்கில். எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே வெள்ளி தோண்டினார்கள். 1765இல் அங்கு சுரங்கக் கல்விக்கழகம் தொடங்கப்பட்டது. ஆபிரகாம் வெர்னர் என்ற ஆசிரியர் கனிமங்களை நிறம், மிளிர்வு, கடினம், பொடியின் நிறம் என்ற புறக்குறிகளால் அடையாளம் காணும் முறையை வகுத்து 1774இல் நூலாக்கினார். பின்பு இந்தக் கழகத்தில்தான் அவர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் கற்பித்தார். 1863இல் இண்டியம் என்ற தனிமம் கண்டுபிடிக்கப்பட்டதும் ஃப்ரைபெர்க்கில்தான். கல்லைக் கையில் எடுத்தாலே பெயர் சொல்லக்கூடியவர்கள் வாழ்ந்த ஊர் அது. அங்கே ஒரு கனிமம் புதியது என்று பேசப்பட்டால் அதற்கு எடை உண்டு.

1885இல், ஊருக்குத் தெற்கே இருந்த ஹிம்மெல்ஸ்ஃபூர்ஸ்ட் சுரங்கத்தில் அறிமுகமில்லாத ஒரு வெள்ளித் தாது கிடைத்தது. கல்விக்கழகத்தின் கனிமவியல் பேராசிரியர் ஆல்பின் வைஸ்பாக் அதை ஆராய்ந்து, புதிய கனிமம் என்று அறிந்து, ஆர்ஜிரோடைட் என்று பெயரிட்டார். ஊதுகுழல் சோதனையில் தேர்ந்த தியோடர் ரிக்டர் அதில் வெள்ளியையும் கந்தகத்தையும் கண்டார். சிறிது பாதரசமும் தென்பட்டது. முழு அளவுப் பகுப்பாய்வு அதே கழகத்தின் வேதியியல் பேராசிரியர் கிளெமென்ஸ் விங்க்லரிடம் வந்தது.

விங்க்லர் மீண்டும் மீண்டும் பகுத்தார். கண்டறிந்த பொருள்களின் எடையை எல்லாம் கூட்டினால் ஒவ்வொரு முறையும் 93 விழுக்காட்டை ஒட்டியே நின்றது. ஏறத்தாழ ஏழு விழுக்காட்டைக் காணவில்லை. ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த இடத்தின் சங்கடம் புரியும். ஒரு விழுக்காடு குறைந்தால் கைப்பிழை என்று ஒதுக்கலாம். ஏழு குறைந்தால், அதுவும் ஒவ்வொரு முறையும் ஏழே குறைந்தால், அதற்குப் பிழை என்று பெயர் சொல்ல முடியாது. தனக்குத் தெரிந்த எல்லாத் தனிமங்களையும் தேடிவிட்ட நிலையில், தெரியாத ஒன்று உள்ளே இருக்கிறது என்ற முடிவுக்கு விங்க்லர் வந்தார். அதைப் பிடிக்க அவருக்கு மாதக்கணக்கில் ஆனது.

ஏன் அத்தனை காலம்? காரணம் அந்தத் தனிமத்தின் நடத்தையிலேயே இருந்தது. அக்காலப் பகுப்பாய்வில், கரைசலில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வளிமத்தைச் செலுத்தி உலோகங்களைச் சல்ஃபைடுகளாக வீழ்படியச் செய்து, நிறத்தாலும் கரையும் தன்மையாலும் பிரிப்பார்கள். ஆர்சனிக், ஆன்ட்டிமனி, வெள்ளீயம் ஆகியவற்றின் சல்ஃபைடுகள் காரச் சல்ஃபைடுக் கரைசலில் கரையும். சிறிது அமிலம் விட்டால் திரும்பப் படியும். புதிய தனிமமும் அந்தக் கூட்டத்தோடுதான் கரைந்தது. ஆனால் சிறிது அமிலத்துக்கு அது வெளியே வரவில்லை. வடிநீரிலேயே தங்கி, கழுவும்போது நீரோடு போய்க்கொண்டிருந்தது. அதன் சல்ஃபைடு வீழ்படிய வேண்டுமானால் அமிலம் மிகக் கடுமையாக இருக்க வேண்டும். விங்க்லர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தாராளமாக விட்டபோது வெண்ணிற வீழ்படிவு திரண்டு வந்தது. கன உலோகச் சல்ஃபைடு வெள்ளையாக இருப்பது அபூர்வம். அதை ஹைட்ரஜன் ஓட்டத்தில் சூடாக்கினார். சாம்பல் நிறத்தில் தனிமம் கிடைத்தது. 1886 பிப்ரவரி 6 அன்று அதை ஜெர்மேனியம் என்ற பெயரோடு அறிவித்தார். முதலில் நெப்டியூனியம் என்று வைக்க நினைத்திருந்தார். கணித்துச் சொல்லப்பட்டுப் பின்பு வானில் காணப்பட்ட கோள் நெப்டியூன் என்பதால் வந்த எண்ணம் அது. அந்தப் பெயரை வேறொருவர் வேறொரு பொருளுக்கு முன்பே சூட்டியிருந்ததால் தன் நாட்டின் பெயரைத் தேர்ந்தார்.

கூட்டுத்தொகை இப்போது சரியாக வந்தது. அவர் வெளியிட்ட பகுப்பாய்வில் வெள்ளி 74.72, கந்தகம் 17.13, ஜெர்மேனியம் 6.93, மீதி இரும்பு, பாதரசம், துத்தநாகம் ஆகியவற்றின் சிறு அளவுகள்.

இதன்பின் நடந்ததைப் பள்ளி வேதியியல் நூல்கள் ஒரு சிறிய அட்டவணையாகத் தருகின்றன. அப்போது யாரும் கண்டிராத தனிமமாக மெண்டலீஃப் 1871இல் கணித்து விரித்துச் சொன்ன எக்கா-சிலிக்கானும் விங்க்லரின் ஜெர்மேனியமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்: அணு எடை 72 என்று கணிப்பு, விங்க்லர் கண்டது 72.3, ஆக்சைடின் அடர்த்தி 4.7 என்று கணிப்பு, கண்டதும் 4.7, குளோரைடு 100 பாகைக்குச் சற்றுக் கீழே கொதிக்கும் என்று கணிப்பு, கண்டது 86. வியக்கத்தக்க பொருத்தம்தான். ஆனால் அந்த அட்டவணையில் வராத செய்தி ஒன்று இருக்கிறது. ஜெர்மேனியம் வெளிப்பட்ட வேளையில் அதன் இடம் யாருக்கும் உடனே தெரிந்துவிடவில்லை. விங்க்லர் தம் முதல் அறிவிப்பின் தலைப்பிலேயே அதை அலோகத் தனிமம் என்றார். ஆன்ட்டிமனிக்கும் பிஸ்மத்துக்கும் இடையே இருந்த காலியிடத்துக்கு உரியது என்று கருதினார். கணித்தவரான மெண்டலீஃபே அது கேட்மியத்துக்குக் கீழே வர வேண்டியது என்று முதலில் எண்ணினார். எக்கா-சிலிக்கான்தான் அது என்று சரியாகச் சொன்னவர்கள் பிரெஸ்லாவில் இருந்த விக்டர் ஃபான் ரிக்டரும், லோதர் மேயரும். சில வாரங்களில், மேலும் சோதனைகள் வந்தபின், எல்லோரும் அதை ஏற்றார்கள். கண்டுபிடிப்பு வேறு, அதற்குரிய இடத்தில் வைப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

கையில் எடுத்துப் பார்த்தால் ஆர்ஜிரோடைட் எப்படி இருக்கும்? உடைத்த புதுமுகம் எஃகுச் சாம்பல் நிறத்தில், மெல்லிய செவ்வொளி கலந்து, உலோக மிளிர்வோடு இருக்கும். காற்றுப் பட நாள்படக் கறுக்கும். சில துண்டுகளில் ஊதா அல்லது நீலச் சாயல் படரும். பீங்கான் தட்டில் உரசினால் கருஞ்சாம்பல் கீற்று விழும். மோஸ் அளவுகோலில் கடினம் 2.5 முதல் 3 வரை. செப்புக் காசு கொண்டு கீறிவிடலாம். ஒப்படர்த்தி 6.1 முதல் 6.3 வரை, அதாவது அதே பருமன் நீரைப்போல ஆறு மடங்குக்கு மேல் கனம். அடித்தால் நொறுங்கும்; குறிப்பிட்ட தளங்களில் வழுவழுவென்று பிளக்காது, ஒழுங்கற்று உடையும். தூய வெள்ளி சல்ஃபைடைக் கத்தியால் ஈயத்தைப் போலச் சீவலாம். ஆர்ஜிரோடைட்டைச் சீவ முயன்றால் பொடியாகும். கறுத்த வெள்ளித் தாதுக்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய அனுபவசாலிகளுக்கு இது ஒரு நல்ல அடையாளம்.

வெள்ளி, ஈயம், துத்தநாகம், வெள்ளீயம் கலந்த தாது நரம்புகளில், மிகச் சூடில்லாத வெந்நீர்க் கரைசல்கள் பாறை வெடிப்புகளில் ஏறிப் படிந்த கடைசிக் கட்டங்களில் இது உருவாகிறது. ஃப்ரைபெர்க்கில் மார்க்கசைட், சிடரைட், ஸ்ஃபாலரைட், கலீனா ஆகியவற்றோடு சேர்ந்து கிடைத்தது. பெரும்பாலும் மேலோடு போன்ற படலமாகவும் சிறு உருண்டைத் திரளாகவும்தான் இருக்கும். நல்ல படிகம் கிடைப்பது அரிது. அரிய கனிமத்தில் அரிய படிகம். அடுத்த குழப்பம் முழுவதும் அதனால் வந்தது.

வைஸ்பாக் தம்மிடம் இருந்த குறைபட்ட படிகங்களை அளந்து, இது ஒற்றைச் சரிவுத் தொகுதியைச் சேர்ந்தது என்றார். மூன்று அச்சுகளும் நீளத்தில் வேறுபட்டு, ஒன்று சாய்ந்திருக்கும் தொகுதி அது. சில ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் கனிமவியலாளர் சாமுவேல் பென்ஃபீல்டிடம் பொலிவியாவிலிருந்து வந்த ஒரு வெள்ளிக் கனிமம் சேர்ந்தது. எண்முகி, பன்னிருமுகி வடிவங்கள். ஐயத்துக்கு இடமில்லாத கனசதுரத் தொகுதி. பகுத்துப் பார்த்தால் வெள்ளி, ஜெர்மேனியம், கந்தகம். இரண்டு கனிமங்களுக்கும் பொருள் ஒன்றே, வடிவம் வேறு என்றால் பெயரும் வேறாக இருக்க வேண்டும் என்பது கனிமவியல் முறை. நிலக்கரியும் வைரமும் போல என்று பேச்சுவாக்கில் சொல்வோம். சரியாகச் சொன்னால் கிராஃபைட்டும் வைரமும் போல. ஆகவே பென்ஃபீல்டு 1893இல் பொலிவியக் கனிமத்துக்குக் கேன்ஃபீல்டைட் என்று பெயரிட்டார், சுரங்கப் பொறியாளரும் கனிமச் சேகரிப்பாளருமான ஃபிரெடெரிக் கேன்ஃபீல்டைச் சிறப்பிக்கும் வகையில்.

அதே ஆய்வில் அவர் இன்னொன்றையும் செய்தார். ஃப்ரைபெர்க் ஆர்ஜிரோடைட்டையும் மறுபடி பகுத்தார். விங்க்லர் அதை ஆறு வெள்ளி, ஒரு ஜெர்மேனியம், ஐந்து கந்தகம் என்று எழுதியிருந்தார். பென்ஃபீல்டுக்கு எட்டு, ஒன்று, ஆறு என்று வந்தது. இன்றைய அணு எடைகளை வைத்து நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விங்க்லரின் வாய்பாடு சரியென்றால் ஜெர்மேனியம் 8.3, கந்தகம் 18.2 விழுக்காடு இருந்திருக்க வேண்டும். பென்ஃபீல்டின் வாய்பாட்டுக்கு 6.4, 17.1. விங்க்லர் தாமே கண்ட அளவுகள் 6.93, 17.13. இந்த இரண்டு எண்களும் அவருடைய வாய்பாட்டைவிடப் பென்ஃபீல்டின் வாய்பாட்டுக்கே நெருங்கி நிற்கின்றன. தாதுவில் கலந்திருந்த இரும்பும் பாதரசமும் துத்தநாகமும் வெள்ளியின் இடத்தில் சிறிது நின்று கணக்கைக் குழப்பியிருக்கின்றன. புதுத் தனிமம் ஒன்றை உலகுக்குத் தந்த பகுப்பாய்வில் வாய்பாடு பிழைத்தது என்பது விங்க்லருக்குக் குறைவல்ல. எண்களை அவர் நேர்மையாக அச்சில் வைத்ததால்தான் பிறகு திருத்த முடிந்தது.

கேன்ஃபீல்டைட் என்ற பெயர் ஒரே ஆண்டுதான் அந்தக் கனிமத்தில் நின்றது. வைஸ்பாக்குக்கு ஃப்ரைபெர்க்கிலிருந்து நல்ல படிகங்கள் கிடைத்தன. திரும்ப அளந்தார், ஆர்ஜிரோடைட்டும் கனசதுர வடிவமே என்று கண்டு தம் முதல் முடிவைத் தாமே மாற்றினார். ஆக, ஃப்ரைபெர்க் கனிமமும் பொலிவியக் கனிமமும் ஒன்றே. இரண்டு பெயருக்கு இடமில்லை, முந்தையதே நிற்கும். ஆனால் 1894இல் பென்ஃபீல்டின் கைக்குப் பொலிவியாவிலிருந்து இன்னொரு துண்டு வந்தது. வடிவம் அதே, வாய்பாடும் அதே, ஆனால் ஜெர்மேனியத்தின் இடத்தில் பெரும்பங்கு வெள்ளீயம். விடுபட்டுக் கிடந்த கேன்ஃபீல்டைட் என்ற பெயரை அவர் இதற்குச் சூட்டினார். இன்றுவரை அது அப்படியே வழங்குகிறது. கனிமப் பெயர்களின் வரலாற்றில் ஒரே ஆசிரியர் ஒரே பெயரை ஒரு பொருளிலிருந்து எடுத்து வேறொன்றுக்கு வைத்தது அரிதான நிகழ்ச்சி.

இந்த இரண்டு கனிமங்களுக்கும் இடையே வேலி கிடையாது. ஜெர்மேனியமும் வெள்ளீயமும் தனிம அட்டவணையில் ஒரே நெடுவரிசையில் மேலும் கீழும் நிற்பவை. ஒன்றின் இடத்தில் மற்றொன்று எந்த விகிதத்திலும் அமரும். இதைத் திண்மக் கரைசல் என்பார்கள். பாதிக்கு மேல் ஜெர்மேனியம் இருந்தால் ஆர்ஜிரோடைட், பாதிக்கு மேல் வெள்ளீயம் இருந்தால் கேன்ஃபீல்டைட் என்பது இன்றைய விதி. வசதிக்காக நாம் கிழித்த கோடுதான் அது. ஆனால் கோடு இல்லாமல் பெயர் வைக்கவும் முடியாது.

படிக வடிவக் கேள்வி அத்தோடு தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. இருபதாம் நூற்றாண்டில் எக்ஸ் கதிரைச் செலுத்தி உள்ளே பார்த்தபோது, வெளியில் கனசதுர ஒழுங்கோடு மின்னும் ஆர்ஜிரோடைட் அறை வெப்பநிலையில் உள்ளே கனசதுரம் அல்ல என்று தெரியவந்தது. அதன் அலகுக்கூடு செஞ்சாய்சதுரம்: மூன்று பக்கங்கள் 15.15, 7.48, 10.59 ஆங்ஸ்ட்ராம். சுமார் 223 செல்சியஸ் பாகைக்கு மேல் சூடாக்கினால்தான் அது பக்கம் 10.7 ஆங்ஸ்ட்ராம் உள்ள உண்மையான கனசதுரமாகிறது. இந்த எண்களுக்குள் ஓர் உறவு இருக்கிறது. 10.7 பக்கமுள்ள சதுரத்தின் மூலைவிட்டம் 15.1, அதில் பாதி 7.6. ஆக, செஞ்சாய்சதுரக் கூடு என்பது கனசதுரத்தைத் திருப்பிப் பார்த்துச் சற்றே நெருக்கியதுதான்.

பூமிக்கு அடியில் சூடாக இருக்கும்போது படிகம் கனசதுரமாக வளர்கிறது. ஆறும்போது உள்ளிருக்கும் அணுக்கள் சிறிது நகர்ந்து புது ஒழுங்குக்குப் போகின்றன. வெளி உருவம் மாறாமல் நிற்கிறது. உள்ளே ஒரே படிகமாக இல்லாமல் வெவ்வேறு திசை நோக்கிய சிறு சிறு பகுதிகளாகப் பிரிந்து ஒட்டியிருக்கும். கொலுசின் கறுப்பான வெள்ளி சல்ஃபைடும் இதேபோலத்தான். 173 பாகைக்கு மேல் அது கனசதுரமான ஆர்ஜென்டைட்; அதற்குக் கீழே ஒற்றைச் சரிவான அகாந்தைட். அருங்காட்சியகங்களில் ஆர்ஜென்டைட் என்று பெயரெழுதி வைத்திருக்கும் அழகிய கனசதுரங்கள் எல்லாம் உண்மையில் அகாந்தைட்டே. வைஸ்பாக்கும் பென்ஃபீல்டும் கோணமானியால் அளந்தது படிகத்தின் பழைய உருவத்தை. அவர்கள் அளவு பிழையில்லை. அந்தப் படிகத்தின் இளமையை அளந்தார்கள்.

இனி வகைப்பாடு. கனிமங்களை வேதிக்கூறும் கட்டமைப்பும் கொண்டு பிரிக்கும் ஸ்ட்ரன்ஸ் முறையில் சல்ஃபைடுகளுக்கும் சல்ஃபோ உப்புகளுக்கும் சேர்த்து இரண்டாம் வகுப்பு. அதில் உலோக அணுக்களின் எண்ணிக்கை கந்தகத்தைவிட மிகுந்த பிரிவில், செம்பு வெள்ளிக் கனிமங்களோடு ஆர்ஜிரோடைட் இருக்கிறது. ஒன்பது உலோக அணுவுக்கு ஆறு கந்தகம் என்ற கணக்கு. பழைய நூல்களிலோ அதை ஜெர்மேனியத்தின் சல்ஃபோ உப்பு என்று எழுதினார்கள். ஆக்சிஜன் உப்புகளில் சிலிக்கேட்டு இருப்பதுபோல, ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகம் வந்த 'தயோ-ஜெர்மேனேட்டு' என்ற பார்வை.

எது சரி? உள்ளமைப்பைப் பார்க்க வேண்டும். ஜெர்மேனியம் நான்கு கந்தகங்களின் நடுவே நான்முகியாக அமர்ந்திருக்கிறது. மீதி இரண்டு கந்தகங்கள் ஜெர்மேனியத்தோடு பிணைப்பே இல்லாமல், வெள்ளி சல்ஃபைடில் இருப்பதுபோல வெள்ளியால் மட்டும் சூழப்பட்டுத் தனித்து நிற்கின்றன. அதாவது பாதி உப்பு, பாதி எளிய சல்ஃபைடு. சல்ஃபோ உப்பு என்ற சொல்லை இறுக்கமாக வரையறுக்கும் இன்றைய கனிமவியலாளர்கள், மும்மதிப்புள்ள ஆர்சனிக், ஆன்ட்டிமனி, பிஸ்மத் போன்றவை கந்தகத்தோடு கூம்பு வடிவில் பிணைந்து, ஒரு பக்கம் தனி இரட்டை எலக்ட்ரானை நீட்டிக்கொண்டிருக்கும் கனிமங்களுக்கே அதை முதன்மையாக வைக்கிறார்கள். அந்த எலக்ட்ரான் இரட்டைதான் அக்கனிமங்களின் விசித்திரமான அடுக்குகளுக்கெல்லாம் காரணம். ஆர்ஜிரோடைட்டில் ஜெர்மேனியம் நான்கு மதிப்புள்ளது. அதனிடம் அப்படி நீட்ட ஒன்றுமில்லை. எனவே அதைச் சல்ஃபைடு என்று வைப்பதே பொருத்தம் என்பது என் முடிவு. வேதிக் கண்ணோட்டத்தில் தயோ-ஜெர்மேனேட்டு என்று சொல்வதிலும் பிழையில்லை. ஆனால் கனிமத்தின் நடத்தையை விளக்குவது அந்தத் தனித்து நிற்கும் இரண்டு கந்தகங்களும் அவற்றைச் சுற்றி அலையும் வெள்ளியும்தான்.

அலையும் என்று சொன்னது அணிக்காக அல்ல. உயர்வெப்பக் கனசதுர அமைப்பில் கந்தக அணுக்கள் அடுக்கப்படும் விதத்தில், ஓர் அலகுக்கூட்டுக்குள் 136 நான்முகிக் குழிகள் உண்டாகின்றன. அவற்றில் நான்கில் ஜெர்மேனியம். மீதியுள்ள 132இல் இடம்பிடிக்க வேண்டிய வெள்ளி அயனிகள் 32 மட்டுமே. நிறையக் காலி நாற்காலி, சில பயணிகள். வெள்ளி அயனிகள் குழிக்குக் குழி தாவுகின்றன. குளிரும்போது அவை குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்து ஒழுங்குபடுகின்றன. நாம் மேலே கண்ட வடிவ மாற்றம் அதனால்தான்.

குடும்பம் இதற்குள் சற்றுப் பெருகியிருக்கிறது. அர்ஜென்டினாவின் கப்பிலிட்டாஸ் பகுதியில் கிடைத்த புட்சைட் 2004இல் விவரிக்கப்பட்டது. அதில் வெள்ளியின் இடத்தில் பாதிக்கு மேல் செம்பு. ருமேனியாவின் ரோஷியா மொன்டானாவில் கிடைத்த ஆல்பர்னைட் 2014இல் வந்தது. ரோமானியர் காலத்தில் அந்த ஊருக்கு ஆல்பர்னஸ் மயோர் என்று பெயர். அதில் ஆறு கந்தகங்களில் இரண்டின் இடத்தில் டெல்லூரியம். இவ்விரண்டும் அறை வெப்பநிலையிலேயே கனசதுரமாக நிற்கின்றன என்பது கவனிக்கத்தக்கது. சூடாக்கினால் மட்டுமே ஆர்ஜிரோடைட் அடையும் ஒழுங்கை, ஆளை மாற்றி இவை எளிதாக அடைந்துவிட்டன.

இயற்கையில் நான்கைந்து உறுப்பினர் என்றால் ஆய்வகத்தில் ஏராளம். கூஸ், நிட்ஷே, ஷாய்னெமன் மூவரும் 1979இல் இந்த அமைப்பைக் கொண்ட சேர்மங்களை எல்லாம் ஒன்றுதிரட்டி 'ஆர்ஜிரோடைட்டுகள்' என்று ஒரு குடும்பமாக அறிவித்தார்கள். ஒரு கனிமத்தின் பெயர் ஒரு பெருவகையின் பெயராக உயர்ந்தது அப்போது. விதி எளியது. நடுவில் இருக்கும் அணுவின் மதிப்பைப் பன்னிரண்டிலிருந்து கழித்தால் வருவது, ஒற்றை மின்சுமை கொண்ட அயனிகளின் எண்ணிக்கை. ஜெர்மேனியத்துக்கு மதிப்பு நான்கு. ஆகவே வெள்ளி எட்டு. நடுவில் பாஸ்பரஸை வைத்தால் மதிப்பு ஐந்து. ஏழு அயனி போதும். வெள்ளிக்குப் பதில் லித்தியத்தையும், ஒரு கந்தகத்துக்குப் பதில் குளோரினையும் வைத்தால், ஆறு லித்தியம் கொண்ட ஒரு சேர்மம் கிடைக்கிறது. ஜெர்மனியின் ஸீகன் பல்கலைக்கழகத்தில் டைசரோத் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வு, இந்த வகைச் சேர்மங்களில் லித்தியம் அயனிகள் வியக்கத்தக்க வேகத்தில் ஓடுவதைக் காட்டியது.

இன்று திண்ம நிலை மின்கலம் உருவாக்க முயலும் ஆய்வகங்களில் அதிகம் பேசப்படும் மின்பகுளிகளில் இதுவும் ஒன்று. கைப்பேசியிலும் மின்வண்டியிலும் இப்போதுள்ள மின்கலங்களில் எளிதில் தீப்பற்றும் திரவ மின்பகுளி இருக்கிறது. அந்த இடத்தில் திண்மம் வந்தால் ஆபத்து குறையும் என்பது நம்பிக்கை. தடையும் இருக்கிறது. ஈரக்காற்றுப் பட்டால் இந்தச் சேர்மம் சிதைந்து, அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சு வளிமமான ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடும். அதனால் உலர்ந்த அறைகளில் வைத்தே கையாள்கிறார்கள். விங்க்லருக்கு ஜெர்மேனியத்தை வெளியே கொண்டுவந்த அதே வளிமம் இங்கே தொல்லையாக நிற்கிறது.

ஆர்ஜிரோடைட் ஏன் இத்தனை அரிது? புவியோட்டில் ஜெர்மேனியம் பத்து லட்சத்தில் ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு. மிகக் குறைவென்று சொல்ல முடியாது, வெள்ளியைவிட அதிகம். ஆனால் அது ஒரே இடத்தில் சேராது. சிலிக்கான் போல நடந்து பாறைக் கனிமங்களில் ஒளிந்துகொள்ளும். துத்தநாகத் தாதுவான ஸ்ஃபாலரைட்டில் சிறிது நுழையும். சில நிலக்கரிகளில் தங்கும். தனக்கென்று ஒரு கனிமம் அமைத்துக்கொள்வது மிகச் சில இடங்களில்தான். நமீபியாவின் ட்சுமேப் சுரங்கத்தில் ஜெர்மனைட்டும், காங்கோவின் கிபுஷியில் ரெனியரைட்டும் ஓரளவு கிடைத்தன. ஆர்ஜிரோடைட் ஒருபோதும் ஜெர்மேனியத் தாதுவாகப் பயன்படும் அளவுக்குக் கிடைத்ததில்லை. பெல் ஆய்வகத்தில் 1947 டிசம்பரில் இயங்கிய முதல் டிரான்சிஸ்டர் ஜெர்மேனியத்தால் ஆனது; பின்னர் நம் வீடுகளுக்கு வந்த தொடக்ககால டிரான்சிஸ்டர் வானொலிப் பெட்டிகளுக்குள்ளும் அதுவே இருந்தது. அந்தத் தேவையை நிறைவேற்றியவை துத்தநாக உருக்காலையின் கழிவும் நிலக்கரிச் சாம்பலும். இன்றும் அகச்சிவப்பு வில்லைக்கும் ஒளியிழைக்கும் ஜெர்மேனியம் அவ்வழியேதான் வருகிறது. பெரும்பங்கு சீனாவிலிருந்து. 2023 ஆகஸ்டு முதல் அந்நாடு ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயம் என்றதும் உலகச் சந்தையில் பதற்றம் உண்டானது.

ஃப்ரைபெர்க்கில் வெள்ளிச் சுரங்கங்கள் 1913இல் மூடப்பட்டன.  இப்போது நல்ல படிகங்கள் பொலிவியாவின் பொட்டோசி மாநிலத்திலிருந்து சேகரிப்பாளர்களுக்கு வருகின்றன.

தமிழில் வேதியியல் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். எக்கா-சிலிக்கான் அட்டவணை வரும் நாளில், கணித்தவர் பெயரையும் கண்டவர் பெயரையும் சொல்லும்போது, எந்தக் கல்லிலிருந்து அந்தத் தனிமம் வந்தது என்பதையும் கரும்பலகையில் எழுதுங்கள். விங்க்லரின் எண்களைக் கொடுத்து வாய்பாட்டை மாணவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 74.72, 17.13, 6.93. ஒரு வகுப்பு நேரம் போதும்.